கூலிப் பாக்கி, சங்கம், பழிவாங்கல்: கட்டட வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கட்டடத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். வக்கீல் இல்லை. கேட்கிற ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதே இல்லை, அதனால் ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது.

ஒரு தகவலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் வந்திருக்கின்றன. ஊதியத்துக்கு ஒன்று, சங்கம், தகராறு போன்றவற்றுக்கு ஒன்று, பணிப் பாதுகாப்புக்கு ஒன்று, சமூகப் பாதுகாப்புக்கு ஒன்று. பேச்சில் இன்னும் எல்லோரும் ‘மினிமம் வேஜஸ் ஆக்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. பிரிவு எண் தெரியாவிட்டாலும் நடந்ததைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் மனு நிற்கும்.

“மேஸ்திரி ரெண்டு வாரமா இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்கிறாரு. எத்தனை நாள் பொறுக்கணும்?”

சட்டப்படி பொறுக்கவே வேண்டாம். தினக்கூலி என்றால் அன்றைய வேலை முடிந்ததும் தர வேண்டும். வாரக் கணக்கு என்றால் விடுமுறைக்கு முந்தின வேலை நாளில், அதாவது நம் சைட்டுகளில் சனிக்கிழமை. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டு நிறுத்தினாலோ நீங்களே விலகினாலோ இரண்டு வேலை நாளில் கணக்கு முடிய வேண்டும். ‘பார்ட்டி இன்னும் பில் பாஸ் பண்ணலை’ என்பது மேஸ்திரிக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் இடையிலான விஷயம். உங்கள் கூலி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் நான் சொல்வது: இரண்டு சனிக்கிழமைக்கு மேல் போக விடாதீர்கள். ஒரு வாரக் கூலியைக் கையில் நிறுத்தி வைப்பதே ஆளை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் வழிதான். பாக்கி ஏற ஏற, அதை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் இன்னும் ஒரு வாரம் வேலை செய்வீர்கள், பாக்கி இன்னும் ஏறும். அப்புறம் ஒரு நாள் மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போயிருப்பார், போன் ஸ்விட்ச் ஆஃப்.

“எனக்கு ஆர்டரும் கிடையாது, ஐடி கார்டும் கிடையாது. அங்க வேலை செஞ்சேன்னு எப்படி நிரூபிக்கிறது?”

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் பணம் திரும்ப வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது. ஊதியச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கூலி தரவில்லை அல்லது குறைத்துத் தந்தார் என்று மனு வந்தால், ‘கொடுத்துவிட்டேன்’ என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனால் ‘இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை’ என்று அவர் சொன்னால், அங்கே வேலை செய்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு நினைப்பதைவிட அதிகம் இருக்கும். ஜிபே, போன்பேயில் மேஸ்திரி முன்பு போட்ட பணம், வாட்ஸ்அப்பில் ‘நாளைக்கு எட்டு மணிக்கு வா, ரூஃப் போடறோம்’ என்ற குரல் பதிவு, கம்பெனி பெயர் போட்ட ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோ, கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டு, சிமென்ட் லோடு இறங்கியபோது நீங்கள் போட்ட கையெழுத்து, எதிர் டீக்கடையின் கணக்கு, கூட வேலை செய்த இரண்டு பேர். போட்டோ எடுக்கும்போது போனில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விட உதவுவது ஒரு சின்ன நோட்டு. தேதி, சைட், என்ன வேலை, கூப்பிட்டது யார், பேசின கூலி, கையில் வந்தது. தினமும் எழுத வேண்டும். பாக்கி வந்த பிறகு உட்கார்ந்து மூன்று மாதத்தை ஒரே பேனாவில் எழுதினால் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லலாம், தினமும் ராத்திரி சம்சாரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் சரி.

“மேஸ்திரிகிட்டயே காசு இல்லை. பாவம், அவரும் நம்ம ஊர்க்காரர்தான். அவரை என்ன பண்ண முடியும்?”

அவரை மட்டும் பிடிக்க வேண்டியதில்லை. பெரிய சைட்டில் பில்டருக்குக் கீழே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே சப் கான்ட்ராக்டர், அப்புறம் மேஸ்திரி. காசு மேலே தங்கிவிட்டது, திட்டு வாங்குவது மேஸ்திரி. பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் தவறான ஆளைக் குறிவைக்கின்றன. ஊதியச் சட்டப்படி வேலைக்கு வைத்தவர் தராவிட்டால், அந்த நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு. 50 ஒப்பந்தத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் பணிப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேரடியாகவே சொல்கிறது: கான்ட்ராக்டர் தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலையைக் கான்ட்ராக்டருக்கு விட்டவர், கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும். 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இதுதான் இருந்தது. அப்போது வரம்பு 20 பேர். அதை 50 ஆக ஏற்றியது யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மனுவில் மேஸ்திரி, கான்ட்ராக்டர், பில்டர் மூவரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள். மேஸ்திரி நல்லவராக இருந்தால் அவரே உங்கள் பக்கம் சாட்சி சொல்வார். பில்டர் யார் என்று தெரியாவிட்டால் சைட் வாசலில் உள்ள போர்டைப் போட்டோ எடுங்கள். ஃபிளாட் கட்டி விற்கிற இடம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் விளம்பரத்தில் இருக்கும். அதை வைத்துத் தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் கிடைக்கும்.

தனி ஆள் தன் சொந்த வீட்டைக் கட்டும்போது கதை வேறு. அவர் மேஸ்திரிக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருந்தால் அவரிடமிருந்து இரண்டாவது முறை வாங்குவது கஷ்டம். ஆனால் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு அவரை விட நல்ல சாட்சி கிடையாது.

“கம்மிக் கூலிக்கு நானே ஒத்துக்கிட்டுத்தானே வந்தேன்? இப்ப கேட்டா நியாயமா?”

நியாயம்தான். கட்டுமான வேலைக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அதில் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறும். அதற்குக் கீழே நீங்களே சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது. சென்னை மாதிரி ஊர்களில் கொத்தனாருக்குச் சந்தைக் கூலி பொதுவாக அதைவிட அதிகமாக இருப்பதால், இந்தக் கேள்வி பெரும்பாலும் ஹெல்பர்களிடமிருந்தும் வெளிமாநிலத்தவரிடமிருந்தும்தான் வரும்.

இதில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு 1982-இல் நடந்தது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மேம்பாலங்களும் அரங்கங்களும் கட்டியவர்களுக்கு நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. அதில் ஆள் கூட்டி வந்த ஜமாதார்கள் ஒரு ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டார்கள். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி எழுதினார். பட்டினிக்குப் பயந்து ஒத்துக்கொள்வதும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றைக்கு ‘ஆளுக்கு ஐம்பது’ பிடிக்கிற ஏஜென்ட்டுகளுக்கும் இது பொருந்தும்.

“நான் பூசு வேலையும் செய்றேன், ஆனா சித்தாள் கூலிதான் தர்றாங்க. பொம்பளைன்னா அப்படித்தானா?”

ஒரே மாதிரியான வேலைக்கு ஆண், பெண் என்று கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது. 1976-இல் தனிச் சட்டமாக இருந்தது, இப்போது ஊதியச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இருபது வருடம் வேலை செய்த பெண்ணையும் பதிவேட்டில் ‘சித்தாள்’ என்றே எழுதிவைப்பார்கள். கையில் கரணையோடு வேலை செய்யும்போது இரண்டு வீடியோ எடுத்துவையுங்கள். அந்தப் பதிவேட்டுக்கு அதுதான் பதில்.

“கான்கிரீட் போடற அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி ஆயிடுது. ஒரு பிரியாணிப் பொட்டலத்தோட முடிச்சுடறாங்க.”

பிரியாணி கூலி ஆகாது. வழக்கமான நேரத்துக்கு மேல் செய்த வேலைக்குக் குறைந்தது இரண்டு மடங்கு கூலி தர வேண்டும். மேலே சொன்ன நோட்டில் கான்கிரீட் நாட்களின் ஆரம்ப நேரமும் முடிந்த நேரமும் தனியாக இருக்கட்டும். ரெடிமிக்ஸ் வண்டி கடைசியாக வந்த நேரம் சலானில் இருக்கும், அதைப் போட்டோ எடுத்தால் போதும்.

“சதுர அடி ரேட்டுக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து எடுத்த வேலை. அப்ப நாங்க தொழிலாளியா, கான்ட்ராக்டரா?”

கொஞ்சம் சிக்கலான இடம். அளவுக் கூலிக்கு வேலை செய்தாலும் தொழிலாளிதான், ரேட் எப்படிப் போட்டாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் உங்களில் ஒருவர் தன் பெயரில் ஒப்பந்தம் எழுதி, ஆள் வைத்து, பொருள் வாங்கிப் போட்டிருந்தால் அவரைக் கான்ட்ராக்டர் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். அவருக்கு மீதி மூன்று பேரின் கூலிக்குப் பொறுப்பும் வந்துவிடும்.

நான்கு பேரும் சேர்ந்தே கையால் வேலை செய்து, கிடைத்ததைச் சமமாகப் பிரித்திருந்தால், நால்வருமாகச் சேர்ந்து கூலி மனு போடுங்கள். நால்வரின் கணக்கிலும் தனித்தனியாகப் பணம் வாங்கியிருந்தால் வாதம் பலமாக இருக்கும். ஒருவர் கணக்குக்கு மட்டும் வரவழைப்பது சௌகரியம்தான், பிறகு அதுவே அவர் தலையில் விடியும்.

“அட்வான்ஸ் முப்பதாயிரம் வாங்கியிருக்கேன். அதைக் கழிச்சாத்தான் விடுவோம்கிறாங்க.”

அட்வான்ஸைக் கூலியிலிருந்து கழிக்கலாம், ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. ‘விட மாட்டோம்’ என்ற வார்த்தைதான் ஆபத்தானது. முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போக விடாமல் தடுப்பது, ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, குடும்பத்தை சைட் ஷெட்டிலேயே இருக்கச் சொல்வது எல்லாம் 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும். அந்தச் சட்டத்தில் கொத்தடிமைக் கடன் ரத்தாகிவிடும், திருப்பித் தர வேண்டியதே இல்லை. இதற்கு லேபர் ஆபீஸில் வரிசையில் நிற்காதீர்கள். கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ நேராகப் போங்கள்.

“எந்த ஆபீஸ்ல குடுக்கணும்? போனா அங்க போ இங்க போங்கறாங்க.”

அலைக்கழிப்புக்கு ஒரு காரணம், ‘தொழிலாளர் உதவி ஆணையர்’ என்ற பெயரிலேயே மூன்று பேர் இருப்பது. அடைப்புக்குறிக்குள் அமலாக்கம் என்று இருப்பவர் சைட்டை ஆய்வு செய்பவர். சமரசம் என்று இருப்பவர் வேலை நீக்கம், சங்கத் தகராறு ஆகியவற்றைப் பேசித் தீர்ப்பவர். சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று இருப்பவர் நல வாரியத்தைப் பார்ப்பவர். கூலிப் பாக்கி என்றால் முதலில் அமலாக்கம். ரயில்வே, விமான நிலையம், துறைமுகம் போன்ற சைட்டுகளுக்கு மாநில அலுவலகம் எதுவும் செய்யாது, மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

காலக்கெடு: புதிய ஊதியச் சட்டத்தில் மூன்று வருடம். பழைய சட்டங்களில் ஆறு மாதமும் ஒரு வருடமுமாக இருந்தது. 2025 நவம்பருக்கு முந்தைய பாக்கி என்றால் அந்தப் பழைய கெடுவைக் காட்டி மறுப்பார்கள், அதனால் தாமதத்துக்கான காரணத்தையும் மனுவிலேயே எழுதுங்கள். பாக்கியோடு அதைப் போல பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு கிடைத்தவர்கள் அபூர்வம், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். மனுவை நீங்கள் போடலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் போடலாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வக்கீல் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள் எல்லோருக்கும் 1987-இன் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

“போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தா சீக்கிரம் முடியாதா?”

பெரும்பாலும் ‘இது சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிடுவார்கள். வெறும் பாக்கி மட்டும் என்றால் அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அடித்தாலோ, மிரட்டினாலோ, அடைத்து வைத்தாலோ, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினாலோ அது குற்ற வழக்கு. அப்போது புகாரில் கூலிக் கணக்கை இரண்டு வரியோடு நிறுத்திவிட்டு, மிரட்டலை நாள், நேரம், சொன்ன வார்த்தை, கேட்டவர்கள் என்று முழுதாக எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

“நல வாரிய அட்டை இருக்கு. அதை வச்சு சம்பளம் வாங்க முடியாதா?”

முடியாது. அந்த அட்டை பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, ஓய்வூதியம் போன்ற உதவிகளுக்கு. தமிழ்நாட்டு வாரியம் 1994-இல் வந்தது, மத்திய அரசு கட்டடத் தொழிலாளர் சட்டம் போட்டதே 1996-இல்தான். சங்கங்கள் பல வருடம் போராடி வாங்கியது அது. கூலி வழக்கில் நீங்கள் கட்டடத் தொழிலாளி என்று காட்ட அட்டை உதவும், குறிப்பிட்ட சைட்டில் வேலை செய்ததை அது காட்டாது.

பக்க விளைவு ஒன்று: சங்கம் என்றாலே அட்டை வாங்கித் தருகிற இடம் என்று ஆகிவிட்டது. புதுப்பிக்கும்போது மட்டும் சந்தா கட்டுகிறவர்கள் நிறையப் பேர். சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அட்டை வேலை பார்த்துப் பார்த்து, சைட்டுக்குப் போய்க் கூலி பேசுவதைப் பல சங்கங்கள் மறந்தேவிட்டன.

“சங்கம் ஆரம்பிச்சா கேஸ் போடுவாங்களாமே?”

அந்தக் காலத்தில் போட்டார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கி, பி அண்ட் சி என்ற துணி மில்லின் தொழிலாளர்களைச் சேர்த்த பிறகு, மில் நிர்வாகம் பி.பி. வாடியா முதலான தலைவர்கள் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1926-இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அந்த வழக்கும் ஒரு காரணம். அதிலிருந்து பதிவு பெற்ற சங்கம் நியாயமான தன் வேலையைச் செய்ததற்காகச் சதி வழக்கோ நஷ்டஈட்டு வழக்கோ போட முடியாது. புதிய தொழிலுறவுச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் உள்ளவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அவ்வளவு உறுப்பினர்கள் வேண்டும். பதிவாளர் இழுக்கடிக்கவும் செய்வார். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது, சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான், அதுவும் நீதிமன்றம் வரை போன பிறகு. சைட்டுக்கு சைட் மாறுகிற கட்டட வேலைக்குப் புதிதாக ஒன்று ஆரம்பிப்பதைவிட, ஏற்கெனவே பதிவான மாவட்டச் சங்கத்தில் கூட்டமாகச் சேர்ந்து சைட் கிளை அமைப்பது சுலபம் என்பது என் எண்ணம்.

“சங்கத்துல சேர்ந்த மறு வாரமே ‘நாளையிலேருந்து வராதே’ன்னுட்டாங்க.”

சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்குவது, நீக்குவேன் என்று மிரட்டுவது, முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னவரை ஒதுக்குவது எல்லாம் சட்டத்தில் ‘நியாயமற்ற தொழில் நடைமுறை’. 1947-இன் தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது, இப்போது தொழிலுறவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில். பழைய சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். இப்போது முதல் தடவைக்கு 10,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் மட்டும். அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வேலை வேண்டுமென்றால் சமரச அதிகாரியிடம் தனி மனு போட வேண்டும். அங்கே தீராவிட்டால் தீர்ப்பாயம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, வரிசை. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அந்தத் தகராறோடு சம்பந்தப்பட்டவரை, அதிகாரியின் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. ஆகவே சங்கம் சேர்ந்ததும் முதல் வேலை ஒரு கோரிக்கை மனுவை முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைச் சமரச அதிகாரிக்குக் கொடுத்துத் தகராறாக எடுக்க வைப்பது. நீக்கிய பிறகு ஓடுவதைவிட, நீக்குவதற்கு முன்னாலேயே அங்கே உங்கள் பெயர் இருக்க வேண்டும். நிர்வாகிகளில் சிலரைப் ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்கள்’, அதாவது தகராறு நடக்கும்போது எந்தக் காரணத்துக்கும் அனுமதி இல்லாமல் நீக்க முடியாதவர்கள், என்று அறிவிக்கச் சொல்லியும் எழுதலாம். மொத்த ஆட்களில் ஒரு சதவீதம், குறைந்தது ஐந்து பேர்.

“சங்கம்னு வாயைத் திறக்கவே இல்லையே. ‘வேலை முடிஞ்சிருச்சு’ன்னுதான் சொன்னாங்க.”

எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். கட்டட வேலையில் பழிவாங்கல் என்பது நீக்க உத்தரவாக வராது. காலையில் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். சட்டத்திலும் இவர்களுக்கு ஒரு சந்து இருக்கிறது. கட்டுமானத்துக்காக அமைத்த நிறுவனம் இரண்டு வருடத்துக்குள் வேலை முடிந்து மூடினால் இழப்பீடு தர வேண்டாம் என்று 1947 சட்டமே சொன்னது.

அதனால் நீங்கள் காட்ட வேண்டியது, வேலை முடியவில்லை என்பதை. நீங்கள் நின்ற மறுநாளும் அதே தளத்தில் சென்ட்ரிங் நடக்கிறதா? உங்களுக்குப் பதில் புது ஆள் வந்தாரா? நின்றவர்களெல்லாம் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களாகவும், போடாதவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்களாகவும் இருக்கிறார்களா? ரோட்டில் நின்று தேதியோடு போட்டோ எடுங்கள். கோரிக்கை மனு சென்ற தேதியையும் நிறுத்திய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதிக் கதை புரியும். கோரிக்கை மனுவே இல்லாவிட்டால் ஒப்பிட ஒரு தேதியும் இருக்காது. முந்தைய பதிலில் வரிசை என்று சொன்னது இதற்காகவும்தான்.

“அந்த மேஸ்திரி மத்த மேஸ்திரிங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. எங்கயும் கூப்பிட மாட்டேங்கறாங்க.”

இதற்குச் சட்டத்தில் நல்ல பதில் கிடையாது. வேலையிலிருந்து நீக்கினால் கேட்கலாம், வேலைக்கே எடுக்காதவரை எந்தச் சட்டத்தில் கேட்பது? போனில் சொன்னது யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் போட்டோவைப் போட்டு ‘இவனை எடுக்காதீங்க’ என்று எழுதியிருந்தால் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடந்துகொண்டிருக்கும் வழக்கில் சேர்க்கலாம்.

வேலை செய்கிற வழி ஒன்றுதான்: தனியாக ஒருவர் மனு போடாமல் இருப்பது. பதினைந்து கொத்தனார்களை ஒரே நேரத்தில் ஒதுக்கினால் மேஸ்திரிக்கே ஆள் கிடைக்காது.

“சம்பளம் தர்ற வரைக்கும் கருவியைக் கீழ போட்டு உட்கார்ந்துட்டா?”

கோபம் புரிகிறது, ஆனால் இப்போது கவனமாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் மட்டும்தான் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். புதிய தொழிலுறவுச் சட்டத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் அது வந்துவிட்டது. பாதிப் பேர் ஒரே நாளில் லீவு போட்டாலும் வேலைநிறுத்தம் என்றுதான் கணக்கு. அறிவிப்பு இல்லாமல் செய்தால் தொழிலாளிக்கே 1,000 முதல் 10,000 வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. முன்பு சொன்ன சமரசப் பேச்சு நடக்கும்போதும் வேலைநிறுத்தம் கூடாது. கேடயம் என்று நாம் எடுத்த சமரசப் பேச்சே நம் கையையும் கட்டுகிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ அறிவிப்பு இல்லாமல் சேர்ந்து நின்றால் எட்டு நாள் வரை கூலி பிடிக்கலாம் என்றும் ஒரு விதி உண்டு. ஆனால் அதற்கு ‘நியாயமான காரணம் இல்லாமல்’ நின்றிருக்க வேண்டும். கூலி தராததைவிட நியாயமான காரணம் என்ன இருக்கிறது என்று வாதாட இடமிருக்கிறது. முடிந்தவரை எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ‘இந்தத் தேதிக்குள் பாக்கி வராவிட்டால் இந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வர மாட்டோம்’ என்று 14 நாள் கொடுத்து எழுதிவிடுங்கள். அந்தக் கடிதம் போனாலே சில பில்டர்கள் பணத்தை அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் ரூஃப் போடும் தேதி அவர்களுக்கும் தெரியும்.

“ஒடிசா, பீகார் பசங்க கம்மிக் கூலிக்கு வர்றதாலதான் எங்களுக்கு இந்த நிலைமை. அவங்களை எதுக்குச் சங்கத்துல சேர்க்கணும்?”

அவர்கள் கம்மிக்கு வரவில்லை, கம்மியாகக் கொடுக்கப்படுகிறார்கள். வித்தியாசம் ஏஜென்ட் பையில் இருக்கிறது. அவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ரயில் ஏற்றிவிட்டால் கேட்க ஆள் வராது என்று கான்ட்ராக்டருக்குத் தெரியும், அதனால் முதலில் அவர்களிடம்தான் கை வைப்பார். பிறகு உங்களிடம் வருவார். உங்கள் வேலைநிறுத்தத்தின்போது அவர்களை வைத்து வேலையை ஓட்டுவார்.

ஏஜென்ட் மூலம் வந்தாலும் தானாக வந்து சேர்ந்தாலும், மாதம் 18,000 ரூபாய் வரை கூலி வாங்குபவர் இப்போது சட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளிதான். ஊருக்குப் போய்வரப் பயணப்படியும் உண்டு. ஊருக்குத் திரும்பிவிட்டவருக்காகச் சங்கமே மனு போடலாம். அதற்கு அவர் போவதற்கு முன்னால் உறுப்பினராகி, வங்கி விவரத்தையும் கொடுத்திருக்க வேண்டும்.

“பாதிப் பணம் தர்றோம், ‘எல்லாம் தீர்ந்தது’ன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?”

பணம் உடனே தேவை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. சட்டப்படி சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் ஊதியச் சட்டத்தில் செல்லாது. என்றாலும் அந்தக் காகிதத்தைக் காட்டி ‘முழுப் பணமும் கொடுத்துவிட்டோம்’ என்பார்கள். கையெழுத்துக்கு மேலே வாங்கிய தொகையை எழுத்திலும் எண்ணிலும் உங்கள் கையாலேயே எழுதி, ‘பாக்கியில் ஒரு பகுதி’ என்று சேருங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் போடவே வேண்டாம். மனு நிலுவையில் இருந்தால் அதிகாரி முன்னிலையில் வாங்குவதே நல்லது.

“ஆர்டர் வந்து ஆறு மாசம் ஆச்சு. பணம்தான் வரலை.”

உத்தரவு வந்தவுடன் பணம் வந்துவிடும் என்று நினைத்துப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செய்யாமலும் தராமலும் இருந்தால், அந்தத் தொகையை நில வரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லி அதே அதிகாரியிடம் இன்னொரு மனு போடுங்கள். அவர் வசூல் சான்றிதழை வருவாய்த் துறைக்கு அனுப்புவார், கலெக்டர் அலுவலகம் வழியாகத் தாசில்தாரிடம் போகும்.

தாசில்தாரிடம் ஃபைல் தூங்குவதற்கு வழக்கமான காரணம், ‘பிரதிவாதிக்குச் சொத்து எதுவும் தெரியவில்லை’ என்ற ஒற்றை வரி. ஆகவே சொத்தை நீங்களே காட்டுங்கள். முன்பு சொன்ன ரெரா பக்கத்தில் பில்டரின் மற்ற புராஜெக்ட்டுகளும் இருக்கும், விற்காத ஃபிளாட்டின் எண்ணைக்கூட எழுதிக் கொடுக்கலாம். கான்ட்ராக்டருடைய மிக்சர், லாரி எண், அலுவலக முகவரி, உங்களுக்குப் பணம் வந்த வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சேருங்கள். மூவரையும் எதிர்மனுதாரராகப் போட்டிருந்தால் யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடம் வசூலிக்கக் கேட்கலாம். மேஸ்திரியை மட்டும் போட்டிருந்தால், அவருடைய பழைய பைக்கைத்தான் ஏலம் விட முடியும்.